ஏசி பழுதுக்கு ஒரு வீட்டில் 600 ரூபாய், இன்னொரு வீட்டில் 12,000 ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் தொகைகள் 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசிக்குச் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் சுமாராகக் கேட்கப்படுபவை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொஞ்சம் ஏறும், தெருமுனை மெக்கானிக்கிடம் கொஞ்சம் இறங்கும். கையில் இருக்கும் பில்லில் எந்த வரியைப் பற்றிக் கேள்வி கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இவை உதவும்.

‘கூலிங் வரவில்லை’ என்ற ஒரே புகாருக்கு இத்தனை வித்தியாசமான பில் ஏன் வருகிறது?

ஃபில்டரில் தூசி அடைத்தாலும் கூலிங் குறையும். கம்ப்ரசர் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) ஸ்டார்ட் ஆக உதவும் கப்பாசிட்டர் வீக் ஆனாலும், குளிரூட்டும் கேஸ் கசிந்தாலும், ஏசியைக் கட்டுப்படுத்தும் பி.சி.பி. போர்டு போனாலும் அதே புகார்தான். ஃபில்டரைக் கழுவச் செலவே இல்லை. சென்சார் மாற்ற 500 முதல் 1,000 ரூபாய், கப்பாசிட்டருக்கு எல்லாம் சேர்த்து 600 முதல் 1,200 ஆகும். கசிவை அடைத்து முழு கேஸ் போட 2,500 முதல் 4,000, இன்டோர் ப்ளோயர் மோட்டாருக்கு 2,000 முதல் 4,500. அதற்கு மேல் போனால் கூலிங் காயில் (இன்டோருக்குள் காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள்) 6,000 முதல் 12,000, இன்வெர்ட்டர் ஏசியின் (கம்ப்ரசர் வேகம் தேவைக்கேற்ப மாறும் ஏசி) அவுட்டோர் போர்டு 6,000 முதல் 15,000, கம்ப்ரசர் கேஸோடு சேர்த்து 10,000 முதல் 18,000 வரை.

பணம் அதிகம் வீணாவது, சின்னப் பழுதுக்குப் பெரிய பார்ட்டை மாற்றும்போதுதான். எல்லா நேரமும் அது ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. கோடையில் ஒரே நாளில் பல வீடுகள் ஏறி இறங்கும் மெக்கானிக், மீட்டரை எடுக்காமல் பழக்கத்தில் ஒரு முடிவைச் சொல்லிவிடுகிறார். அதனால் எந்தப் பார்ட்டை மாற்றச் சொன்னாலும் முதலில் கேளுங்கள்: “என்ன ரீடிங் காட்டுது தம்பி?” ஆம்பியரோ (கரண்ட்), பிரஷரோ, எம்எஃப்டியோ (கப்பாசிட்டரின் அளவு), ஓம்ஸோ (மின்தடை), பதிலில் ஓர் எண் இருக்க வேண்டும். எண் சொல்லாமல் 8,000 ரூபாய் பார்ட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் வீட்டில் நாமே எதைப் பார்க்கலாம்?

ரிமோட் ‘கூல்’ மோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘ஃபேன்’ அல்லது ‘டிரை’ மோடில் விட்டுவிட்டு விசிட் சார்ஜ் கொடுப்பவர்கள் நிறைய. ஃபில்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். அவுட்டோரில் ஃபேன் சுற்றுகிறதா, அதன் முன்னால் யாராவது துணி காயப்போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அதில் காட்டும் அவுட்புட் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் இரவு ஒன்பது பத்து மணிக்குத் தெருவே ஏசி போடும்போது வோல்டேஜ் 190-க்குக் கீழே இறங்கினால், சாதா ஏசியின் (இன்வெர்ட்டர் அல்லாதது) கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகத் திணறும்.

சுவிட்சை அணைத்துவிட்டு 16 ஆம்பியர் பிளக் டாப்பைப் பிடுங்கிப் பாருங்கள். கறுத்திருந்தாலோ பிளாஸ்டிக் இளகியிருந்தாலோ உள்ளே ஸ்க்ரூ தளர்ந்து சூடேறியிருக்கிறது. பிளக்கும் சாக்கெட்டும் மாற்றச் சில நூறு ரூபாய்தான், ஆனால் கவனிக்காமல் விட்டால் தீப்பிடிக்கும்.

பிறகு ஒரு சாதாரண தெர்மாமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசியைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, இன்டோரின் மேல்பக்கம் உள்ளே இழுக்கும் காற்றையும் கீழே வெளியே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் நன்றாகவே வேலை செய்கிறது. அறை குளிராததற்குக் காரணம் மேற்கு வெயில் விழும் சுவராகவோ, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் தளமாகவோ, அறையின் அளவுக்குப் போதாத டன்னாகவோ இருக்கலாம். எத்தனை முறை கேஸ் போட்டாலும் அது மாறாது.

விசிட் சார்ஜ் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

ஆம், வந்து பார்த்ததற்கான கூலி அது. 300 முதல் 600 வரை, பில் போடும் இடத்தில் அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். வேலையைக் கொடுத்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்களா என்பதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

வருஷா வருஷம் ‘கேஸ் இல்ல சார்’ என்கிறார்கள். கேஸ் தீர்ந்துபோகுமா?

தீராது. செப்புக் குழாய்க்குள் மூடிய சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும் கேஸ் அது. பத்து வருடம் ஆனாலும் அதே அளவு இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் 1,500 ரூபாய்க்கு ‘டாப்-அப்’ போடுவது, பஞ்சர் ஒட்டாமல் சைக்கிள் டியூபுக்குக் காற்றடிப்பது போலத்தான். அடுத்த கோடைக்கு மறுபடியும் அதே செலவு வரும்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் சில அடையாளங்கள் தெரியும். அவுட்டோருக்கு வரும் ஒல்லியான கால் இன்ச் குழாயில் வெள்ளையாகப் பனி படியும். கூலிங் காயிலில் ஒரு பகுதி மட்டும் உறைந்து மீதி சூடாக இருக்கும். சாதா 1.5 டன் ஏசி வழக்கமாக 7, 8 ஆம்பியர் எடுக்கும். கேஸ் குறைந்தால் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் அதைவிட நன்றாகக் குறைத்துக் காட்டும். காயில் முழுக்க ஒரே சீராகப் பனி பிடித்திருந்தால் முதல் சந்தேகம் அடைத்த ஃபில்டர் மேலும் அழுக்கேறிய ப்ளோயர் மேலும்தான் வர வேண்டும். அதனால் முதலில் வாட்டர் சர்வீஸ் (தண்ணீர் அடித்துக் கழுவுவது), பிறகு ரீடிங், அதற்குப் பிறகே கேஸ் பற்றிய பேச்சு. வரிசையை மாற்றினால் 600 ரூபாயில் முடிய வேண்டியது 3,000-க்குப் போய்விடும்.

கசிவு அதிகம் வரும் இடங்கள் தெரிந்தவைதான்: குழாய் சேரும் ஃபிளேர் நட், அவுட்டோரின் சர்வீஸ் வால்வு, கூலிங் காயிலின் ஓரத்தில் வளையும் யூ-பெண்டுகள், அதிர்வில் ஒன்றோடொன்று உரசும் குழாய்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் வெளியே வருவதால், கசியும் இடத்தில் பிசுபிசுப்பாகத் தூசி ஒட்டியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் நம் கண்ணுக்கே தெரியும். ஃபிளேர் முனையை வெட்டிப் புதிதாக விரித்து இறுக்குவது சின்ன வேலை. அதற்காகக் காயிலையே மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கேஸ் சரியாகத்தான் போடுகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேரத்தைப் பாருங்கள். ஒழுங்காகச் செய்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். இருபது நிமிடத்தில் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் எதையோ விட்டுவிட்டார்கள்.

கசிவை அடைத்ததும் நைட்ரஜனை 300 முதல் 400 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) வரை அடித்து, மூட்டுகளில் சோப்பு நுரை தடவி, அரை மணி நேரம் பிரஷர் கேஜின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஆக்சிஜன் அழுத்தத்தில் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அடுத்தது வாக்யூம். பம்ப் இருபது முப்பது நிமிடம் ஓடி உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும், பம்பை நிறுத்திய பிறகும் முள் அப்படியே நிற்க வேண்டும். உள்ளே தங்கும் ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, நாளடைவில் கம்ப்ரசர் மோட்டாரின் வைண்டிங்கையே (கம்பிச் சுற்று) அரிக்கும். கடைசியில் தராசு. எத்தனை கிராம் கேஸ் என்று அவுட்டோரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருப்பார்கள். சிலிண்டரைத் தராசில் வைத்து, போடும் முன்னும் போட்ட பின்னும் எடையைப் பார்த்தால் வேறு சாட்சி தேவையில்லை.

சிலர் கேஜ் பிரஷரை மட்டும் பார்த்துப் போடுவார்கள். சாதா ஏசியில் அது ஓரளவு ஒப்பேறும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிரஷரும் ஏறி இறங்கும். எடை போட்டு நிரப்புவதே நம்பகமான வழி.

கேஸ் ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 எந்த வகையானாலும் ஒரே செலவுதானா?

இல்லை. ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியா அதை 2030-ஐ இலக்காக வைத்துப் படிப்படியாக நிறுத்திவருகிறது. பழைய ஏசிகளுக்கு இன்னும் கிடைக்கிறது, ஆனால் அந்த மெஷினில் பெரிய தொகை போடும் முன் இதை யோசியுங்கள். ஆர்-410ஏ இரண்டு வாயுக்களின் கலவை. சிலிண்டரைக் கவிழ்த்துத் திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆர்-32 ஒற்றை வாயு, அளவும் குறைவாகப் பிடிக்கும், இப்போது விற்கும் பெரும்பாலான மாடல்களில் இதுதான். லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உண்டு என்பதால், உள்ளே கேஸ் இருக்கும்போது பற்றவைப்பு வேலை செய்யக் கூடாது. ஆர்-290 என்று ஸ்டிக்கர் இருந்தால் அது புரோப்பேன். அந்த ஏசி கம்பெனியில் பயிற்சி பெற்றவரைத் தவிர யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

ஆர்-22 மெஷினில் ஆர்-32 போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். ஓடும்போது ஆர்-22 சக்ஷன் பிரஷர் (கம்ப்ரசர் கேஸை உள்ளிழுக்கும் பக்கத்து அழுத்தம்) 60, 70 பி.எஸ்.ஐ.தான், ஆர்-32-இல் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய குழாயும் கம்ப்ரசரும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

‘கம்ப்ரசர் போயிடுச்சு மேடம்’ என்றால் நம்பலாமா?

கப்பாசிட்டரைச் சோதித்த பிறகு நம்பலாம். சாதா ஏசியில் கம்ப்ரசர் ‘ம்ம்ம்’ என்று முனகி, சில நொடியில் டப்பென்று நின்று, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் முயன்றால், அது பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகத் தேவையான உதவி கிடைக்காமல்தான். கப்பாசிட்டரின் மேல் 50 எம்எஃப்டி, 5 சதவீதம் கூடக்குறைய என்று அச்சிட்டிருந்தால், மீட்டரில் 47-க்குக் கீழே காட்டும்போதே மாற்ற வேண்டியதுதான். தலைப்பகுதி உப்பியிருந்தால் மீட்டர்கூட வேண்டாம். நீங்களே திறந்து தொடாதீர்கள். கரண்ட்டை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும்.

கப்பாசிட்டர் நன்றாக இருந்தால் அடுத்தது வைண்டிங். சாதா கம்ப்ரசரில் காமன், ரன், ஸ்டார்ட் என மூன்று முனைகள். ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையிலான ஓம்ஸ், மற்ற இரண்டு ரீடிங்குகளின் கூட்டுத்தொகையாக வர வேண்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் மூன்று ரீடிங்கும் ஒன்றுபோல இருக்கும். ஏதாவது ஒன்று ஓப்பன் (கம்பி அறுந்தது) காட்டினாலோ, முனைக்கும் கம்ப்ரசர் உடம்புக்கும் இடையே கரண்ட் பாய்ந்தாலோ வைண்டிங் போய்விட்டது, சந்தேகம் வேண்டாம். இத்தனையும் பத்து நிமிடச் சோதனை. 15,000 ரூபாய் செலவுக்கு முன் பத்து நிமிடம் கேட்பதில் தப்பில்லை.

புதுக் கம்ப்ரசர் போட்டால் குழாயில் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரும் மாற்ற வேண்டும். பழைய வைண்டிங் எரிந்து ஆயில் கறுத்திருந்தால் குழாயையும் கழுவ வேண்டும். அந்தக் கூலியை மிச்சம் பிடித்தால் புதிய கம்ப்ரசரும் சீக்கிரமே அதே வழியில் போகும்.

இன்வெர்ட்டர் ஏசியில் எதற்கெடுத்தாலும் ‘போர்டு மாத்தணும்’ என்கிறார்களே?

டிஸ்ப்ளேயில் எரர் கோட் வந்ததும் போர்டு மேல் பழிபோடுவது சுலபம் என்பதால். இன்டோருக்கும் அவுட்டோருக்கும் இடையே தகவல் போகவில்லை என்ற எரர் அடிக்கடி வரும். அது இரண்டு போர்டில் ஒன்றின் குற்றமாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் இணைக்கும் ஒயரில் நடுவில் டேப் சுற்றிய ஜாயின்ட் பச்சை பிடித்திருந்தாலும், டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும், எலி கடித்திருந்தாலும் அதே எரர்தான் வரும். ஜாயின்ட் இல்லாத ஒயரைத் தற்காலிகமாக நேரே கொடுத்துப் பார்த்த பிறகு போர்டைப் பற்றிப் பேசட்டும்.

போர்டே போயிருந்தால் காரணம் பெரும்பாலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கம், ஈரம், அல்லது பல்லி. அவுட்டோருக்குள் கதகதப்பு தேடிப் போகும் பல்லி இரண்டு தடத்தைச் சேர்த்து மிதித்தால் அத்தோடு முடிந்தது. எறும்புக் கூடும் அப்படித்தான். வாரண்டி முடிந்திருந்தால் புதுப் போர்டு வாங்கும் முன் ரிப்பேருக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போர்டு ரிப்பேர் செய்பவர்கள் டயோட் பிரிட்ஜ், கம்ப்ரசரை ஓட்டும் ஐ.பி.எம். மாட்யூல், பெரிய கப்பாசிட்டர் என்று போன பாகத்தை மட்டும் மாற்றித் தருகிறார்கள். 2,000 முதல் 4,000 ரூபாய் ஆகும், கேரண்டி சில மாதம்தான். ஐந்து வருடத்துக்கு மேல் ஓடிய ஏசிக்கு இதுவே கட்டுப்படியாகும். எரிந்து தடமே கருகிய போர்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் செலவு ஏன் கூடுகிறது?

உப்புக் காற்று. திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈ.சி.ஆர்., தூத்துக்குடி, நாகப்பட்டினம் எங்கும் கண்டென்சரின் (அவுட்டோரில் சூட்டை வெளியேற்றும் காயில்) அலுமினிய இதழ்கள் பொடிப்பொடியாக உதிரும். கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிய வீடுகளுக்கு வேறு தொல்லை: சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுப்பாக்கி ஊசிமுனைத் துளை போடும். கசிவு யூ-பெண்டில் இருந்தால் பற்றவைக்கும் வேலையை, கேஸ் செலவு நீங்கலாக, 1,000, 1,500-க்குள் முடிக்கலாம். இதழ்களுக்கு நடுவே ஓடும் குழாயில் என்றால் கைக்கு எட்டாது, காயிலையே மாற்ற வேண்டும். காயில் முழுக்கக் கறுத்திருக்கும்போது ஒரு துளையை மட்டும் அடைப்பது வீண், அடுத்த மாதம் பக்கத்தில் இன்னொன்று விழும். இப்படிப்பட்ட வீடுகளில் மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்துவிட்டு, அவுட்டோரின் பின்பக்க இதழ்களை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள்.

இன்டோரில் தண்ணீர் சொட்டினால்?

டிரெயின் குழாயில் பாசி அடைத்திருக்கும், அல்லது குழாய் சரிவு இல்லாமல் நடுவில் தூக்கியிருக்கும். சர்வீஸோடு சேர்த்து 500 முதல் 800 ரூபாய். ஏசியை அணைத்த பிறகு குபுகுபுவென்று கொட்டினால் காயிலில் பனி பிடித்து உருகுகிறது. அதற்குக் காரணம் ஃபில்டரிலோ கேஸிலோ இருக்கும்.

மே மாதத்தில் கூடுதலாகக் கேட்பது நியாயமா? மாடி உயரத்துக்குத் தனிக் காசா?

கத்திரி வெயிலில் ஆள் கிடைப்பதே பெரிது என்பதால் ரேட் ஏறுகிறது, வேலையும் அவசர அவசரமாக நடக்கிறது. சர்வீஸை ஜனவரி, பிப்ரவரியில் முடித்துவிட்டால் காசும் மிச்சம், மெக்கானிக்கும் நிதானமாகப் பார்ப்பார்.

உயரத்துக்கான காசை மனமாரக் கொடுங்கள். மூன்றாவது மாடி சன்ஷேடில் ஸ்டாண்டு போட்டிருக்கும் அவுட்டோரைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும், 500 முதல் 1,500 வரை கூடும். சேஃப்டி பெல்ட் இல்லாமல் யாரையும் அங்கே இறங்கச் சொல்லாதீர்கள். அவசரமாக இருந்தாலும் பெல்ட்டும் கயிறும் வரும்வரை காத்திருங்கள். புது வீட்டில் அவுட்டோரை பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வைத்தால் இந்தச் செலவே வராது. ஆனால் குழாய் நீளும். ஏசியோடு தரும் மூன்று மீட்டருக்கு மேல் போகும் செப்புக் குழாய்க்கு மீட்டர் கணக்கில் காசு, நீளத்துக்கேற்பக் கேஸும் கூட வேண்டும்.

கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி இருந்தும் பில் வருகிறதே?

அந்த வாரண்டி பெரும்பாலும் கம்ப்ரசர் என்ற பார்ட்டுக்கு மட்டும். கேஸ், கூலி, போக்குவரத்து, இவற்றுக்கான ஜி.எஸ்.டி. எல்லாம் உங்கள் தலையில்தான். 3,000 முதல் 5,000 வரை போகும். ஏ.எம்.சி.யிலும் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) உதிரிபாகம் சேர்ந்தது, சேராதது என்று இரண்டு வகை. சேர்ந்த வகையிலும் கேஸும் காயிலும் விலக்கா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். ஐந்து வருடத்துக்குள் இருக்கும் ஏசிக்கு, வருடம் இரண்டு சர்வீஸை மட்டும் தனியாகக் கொடுத்துச் செய்வதே பெரும்பாலும் மலிவு.

வெள்ளத்தில் அவுட்டோர் மூழ்கிவிட்டால்?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தரைத்தள வீடுகள் பலவற்றுக்கு இந்தக் கதி. ஏசிக்கான எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிட்டு, ‘ஓடுதான்னு பார்ப்போம்’ என்று ஆன் செய்யாமல் இருந்தாலே பாதிச் செலவு மிச்சம். கம்ப்ரசரும் குழாயும் சீல் ஆனவை, தண்ணீர் உள்ளே போகாது. கெடுவது போர்டு, ஃபேன் மோட்டார், டெர்மினல்கள். சேறு காயும் முன் போர்டைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி உலர்த்தி, மோட்டாரையும் கம்ப்ரசர் முனைகளையும் மெக்கர் (மின்கசிவு பார்க்கும் மீட்டர்) வைத்துச் சோதித்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். வீட்டுக் காப்பீடு இருந்தால், தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது ரிப்பேரை விட்டுவிட்டுப் புதிது வாங்கலாம்?

எட்டு வருடத்தைத் தாண்டிய ஏசிக்குப் புது விலையில் பாதி செலவாகும் என்றால் நிறுத்திவிடலாம். ஆர்-22 மெஷினில் காயிலோ கம்ப்ரசரோ போயிருந்தால் பாதிகூட வேண்டாம், மூன்றில் ஒரு பங்கிலேயே நிறுத்தலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசி மீதான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதையும் கணக்கில் எடுங்கள். நாலைந்து வருட ஏசியில் ஒரே ஒரு பெரிய பார்ட் போயிருந்தால் ரிப்பேர்தான் சரி.

பில்லில் சண்டை வராமல் இருக்க என்ன செய்வது?

பார்ட், கூலி, கேஸ், வரி என்று தனித்தனியாக எழுதி, எந்தப் பார்ட்டுக்கு எத்தனை நாள் கேரண்டி என்பதையும் அதிலேயே குறித்து வாங்குங்கள். ‘கேஸ் வேலை 3,500’ என்ற ஒற்றை வரி பில்லை வைத்து நாளைக்கு எதையும் கேட்க முடியாது. பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, புகாருக்கு அந்த பில்தான் ஆதாரம்.

கழற்றிய பழைய பார்ட்டை நாம் வைத்துக்கொள்ளலாமா?

வாரண்டியில் மாற்றியது என்றால் கம்பெனி எடுத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து மாற்றியது என்றால் அது உங்களுடையது. பழைய செப்புக் காயிலும் கம்ப்ரசரும் நல்ல விலைக்குப் போகும். பேசும்போதே “பழசை எடுத்துக்கிட்டா எவ்வளவு கழிப்பீங்க?” என்று கேட்டு, கழித்த தொகையை பில்லில் எழுதச் சொல்லுங்கள்.